கல்லைக் கேட்கும் முன் பாறையைக் கேளுங்கள்: ரத்தினக் கற்களை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருநாள் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். நெல்லிக்காய் அளவு, நாவல்பழ நிறம்.

“ஏங்க மாப்ள, இது நீலக்கல்லுங்களா?”

“எங்க கெடந்துச்சுங்க மாமா?”

“எங்கியோ காட்டுக்குள்ளதாங்க. பேரன் பொறுக்கிட்டு வந்தான், ஞாபகமில்லீங்க.”

பாதி விடை அங்கேயே தொலைந்துவிட்டது. கல் எந்தப் பாறையில் இருந்தது, பக்கத்தில் என்னென்ன கற்கள் கிடந்தன என்று தெரிந்திருந்தால், சோதனை எதுவும் செய்யாமலே பத்தில் ஏழு பெயர்களை அடித்துவிடலாம். மாமாவுக்கு அது புரியவில்லை. நிறத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். ஆனால் ரத்தினங்களைப் பொறுத்தவரை நிறத்தைக் கடைசியில் பார்ப்பதுதான் நல்லது. அதனால் இந்த வழிகாட்டியும் தலைகீழ் வரிசையில் போகிறது. முதலில் பாறை, பிறகு வடிவம், எடை, ஒளி, எல்லாம் முடிந்தபின் நிறம்.

பாறைக்குள் கல் பிறக்கும் விதம்

கொங்கு நாட்டில் ஓர் அரிய வசதி உண்டு. ரத்தினம் உருவாகும் இரண்டு முக்கியமான வழிகளைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் பார்த்துவிடலாம். ஒன்று படியூர், இன்னொன்று சிவன்மலை.

படியூர்க் கதை ஆறிக்கொண்டிருக்கும் பாறைக்குழம்பில் தொடங்குகிறது. குழம்பு இறுகும்போது அதிலுள்ள எல்லாத் தனிமங்களும் ஒரே நேரத்தில் கல்லாகிவிடுவதில்லை. இரும்பும் மக்னீசியமும் முதலிலேயே இடம் பிடித்துக்கொள்ளும். பெரிலியம், போரான், லித்தியம், ஃபுளோரின் போன்றவற்றுக்குச் சாதாரணக் கனிமங்களின் கட்டமைப்பில் உட்கார இடம் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல அவை மிச்சமிருக்கும் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் தண்ணீர் நிறைந்த, நீர்த்த குழம்பு ஒன்று மிஞ்சி, சுற்றியுள்ள பாறையின் விரிசல்களில் புகுந்து இறுகும். தண்ணீர் அதிகமாக இருப்பதால் அணுக்கள் எளிதாக நகர்ந்து ஒன்றுசேர முடிகிறது. அதனால் படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. இந்தப் பாறைக்குப் பெக்மடைட் என்று பெயர்.

பெக்மடைட்டை அடையாளம் காணப் படிப்பு வேண்டாம். வெள்ளை வெளேரென்று வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்), அதோடு வெளிர் சிவப்பிலோ பால் நிறத்திலோ பாளம் பாளமாக உடையும் ஃபெல்ஸ்பார், நகத்தால் ஏடு ஏடாக உரிக்கக்கூடிய காக்காப்பொன் (மைக்கா). இந்த மூன்றும் விரல் நீளத்துக்கு, கை அகலத்துக்கு வளர்ந்து கிடந்தால் அது பெக்மடைட்தான். கொங்கு நாட்டில் இதைப் பார்க்கச் சிறந்த இடம் கிணற்று மேடு. கிணறு வெட்டும்போது வெளியே கொட்டிய கல் குவியலில், வெயிலும் மழையும் தின்னாத புதுப் பாறை கிடக்கும்.

படியூரில் பெக்மடைட் தந்தது பெரில் என்ற பெரிலியக் கனிமம். அதில் கடல்நீல வகைக்கு அக்குவாமரின் என்று பெயர். 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் நடத்தினார். ஆனால் பெரிலின் கதை அதற்கும் வெகுகாலம் முந்தையது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், வெட்டாத கல், பாதி தேய்த்த கல், துளையிட்ட மணி என்று தொழிலின் ஒவ்வொரு கட்டமும் கிடைத்தது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வரும் ஊர் இதுதான் என்பது அறிஞர்களின் கருத்து. பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார்.

இனி சிவன்மலை. அங்கே பாறையின் குணமே வேறு. படியூர் பெக்மடைட்டில் சிலிக்கா தாராளமாக இருக்கிறது, அதனால்தான் அவ்வளவு வெங்கச்சாங்கல். சிவன்மலையைச் சேர்ந்த நெஃபலின் சையனைட் (nepheline syenite) பாறையில் சிலிக்காவுக்குப் பஞ்சம். அலுமினியத்துக்குச் சிலிக்கா கிடைத்தால் அதோடு சேர்ந்து ஃபெல்ஸ்பாராகிவிடும். போதுமான அளவு கிடைக்காதபோது மீந்துபோன அலுமினியம் ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து குருந்தமாகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். சாணைக்கல் செய்ய அரக்கோடு கலந்தார்களே, அதே கல். அதில் துளி குரோமியம் சேர்ந்து சிவந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலமானால் நீலக்கல்.

இதிலிருந்து வேலைக்கு உதவும் விதி ஒன்று கிடைக்கிறது. வெங்கச்சாங்கல்லும் குருந்தமும் ஒரே பாறைக்குள் ஒட்டிக்கொண்டு வளர்வதில்லை. எவராவது வெள்ளைப் படிகத்தில் பதிந்த ஒரு சிவப்புக் கல்லைக் காட்டி மாணிக்கம் என்றால், அந்த வெள்ளை எது என்று முதலில் பாருங்கள். வெங்கச்சாங்கல்லாக இருந்தால் சிவப்புக் கல் பெரும்பாலும் கார்னெட். பளிங்குக் கல்லாக இருந்தால் கதை வேறு. பர்மாவின் மோகோக் மாணிக்கங்கள் பளிங்குக் கல்லில்தான் பிறந்தன.

குருந்தத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய பாறை பூமியின் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் உருகாமலே உருமாறுவது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ள அனார்த்தசைட் பாறையில் இப்படி உருவான இளஞ்சிவப்புக் குருந்தம் இருக்கிறது. நிலாவின் வெளிர்ந்த மேட்டுப்பகுதிகளும் அனார்த்தசைட்தான். சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்குச் செயற்கை நிலா மண் செய்ய, இந்த வட்டாரத்துப் பாறையைத்தான் இஸ்ரோ அரைத்து எடுத்துக்கொண்டது. கார்னெட்டும் பெரும்பாலும் உருமாறிய பாறைகளில் வளர்வதுதான். ஐயோலைட் என்கிற ஊதா நீலக் கல்லும் அப்படியே. தமிழ்நாட்டில் கிடைக்கும் கல் இது. பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக நிற்கும். சிலிக்கா கரைந்த நீர் அதில் ஊறி, அடுக்கடுக்காக அகேட்டும் நடுவில் செவ்வந்திக்கல்லும் (அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல்) படியும். தக்காணத்தில் பசால்ட் என்ற எரிமலைக் கருங்கல் பரப்பில் இது சாதாரணம். தமிழ்நாட்டின் பழைய உருமாறிய பாறைகளில் அந்த மாதிரிப் பொந்துக் கல்லைத் தேடி அலைய வேண்டாம். வைரம் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவாகி, கிம்பர்லைட் போன்ற எரிமலைக் குழாய்கள் வழியாக மேலே வருவது. கிணறு வெட்டும்போது வைரம் கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நான் திறப்பதேயில்லை. முத்தும் பவளமும் உயிரினங்கள் செய்தவை. நவரத்தினத்தில் அவற்றுக்கு இடம் உண்டு, பாறையில் இல்லை.

பிறந்த இடம் ஒன்று, கிடைக்கும் இடம் இன்னொன்று என்பதையும் மறக்கக் கூடாது. பாறை மக்கி மண்ணாகும்போது மென்மையானவை கரைந்து போகும். கடினமும் கனமும் உள்ளவை ஆற்றில் உருண்டு, நீரின் வேகம் குறையும் இடத்தில் தங்கும். இலங்கையின் இரத்தினபுரியில் வயலுக்கு அடியில் புதைந்திருக்கும் இந்தச் சரளை அடுக்கைச் சிங்களத்தில் ‘இல்லம்’ என்பார்கள். குழி வெட்டி, சரளையை அள்ளி, கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றினால் லேசானவை விளிம்போடு போய்விடும், கனமானவை அடியில் தங்கும். அதில் நீலக்கல், ஸ்பினல், ஜிர்கான், கார்னெட், வைடூரியம் எல்லாம் கலந்து கிடக்கும். ஆற்றுக் கல்லுக்குத் தாய்ப்பாறை சாட்சி சொல்லாது. அங்கே கீழே வரும் சோதனைகளை மட்டுமே நம்ப வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, இரும்பு ஆணி, கண்ணாடித் துண்டு, நியோடிமியம் காந்தம், வெள்ளை எல்இடி டார்ச், முடிந்தால் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். அப்புறம் ஒரு நோட்டு. நோட்டு இல்லாமல் கிளம்புகிறவர் மாமா மாதிரிதான் திரும்புவார்.

படி 1: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கல்லைத் தொடும் முன் படம் எடுங்கள். எந்த ஊர், யாருடைய காடு, கிணற்று மேடா ஓடையா, கல் பாறையோடு ஒட்டியிருந்ததா உதிரியாகக் கிடந்ததா என்று எழுதுங்கள். அதைச் சுற்றிக் கிடந்த சாதாரணக் கற்களிலும் இரண்டு மூன்றை எடுத்து அதே பையில் போடுங்கள். ரத்தினத்தைவிட இந்தச் சாதாரணக் கற்கள் அதிகம் பேசும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் உங்கள் பகுதியின் புவியியல் வரைபடத்தைப் பார்க்கலாம். கிளம்பும் முன் அரைமணி நேரம் அதில் செலவழித்தால் அரைநாள் அலைச்சல் மிச்சம்.

தோண்டுவது வேறு விஷயம். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் இறங்கக் கூடாது. கனிமம் வெட்டி எடுக்க உரிமம் வேண்டும், 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இருக்கிறது. கொடுமணல் மாதிரி தொல்லியல் இடங்களில் தரையில் மணி கிடந்தால் அதைக் குனிந்துகூட எடுக்காதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு வரலாறு உண்டு.

படி 2: கழுவி, வடிவத்தைப் பாருங்கள்

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். முகங்கள் சிதையாத படிகம் கிடைத்தால் அதிர்ஷ்டம், வேறு சோதனையே தேவைப்படாமல் போகலாம்.

ஆறுபக்கத் தூணாக இருந்தால் நாலு பேர்மேல் சந்தேகம் வரும். முனை கூம்பாகி, பக்கங்களில் குறுக்குவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடினால் குவார்ட்ஸ், அதாவது நம் வெங்கச்சாங்கல்லும் படிகக்கல்லும் செவ்வந்திக்கல்லும். முனை தட்டையாக வெட்டியது போல இருந்து, கோடுகள் இருந்தால் நெடுக்கில் ஓடினால் பெரில். நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய பீப்பாய் போல இருந்தால் குருந்தம். அதன் தட்டையான முகத்தில் சில நேரம் சின்னச் சின்ன முக்கோணப் படிகளைப் பார்க்கலாம். குறுக்கே பார்த்தால் பக்கங்கள் உப்பிய முக்கோணமாகவும், நெடுக்கில் சீப்பு வாரியது போல ஆழமான கோடுகளும் இருந்தால் அது டூர்மலின்.

கார்னெட் தூணாக வளராது. பன்னிரண்டு முகமோ இருபத்துநாலு முகமோ கொண்ட உருண்டை. உருமாறிய பாறையில் மாதுளை முத்துகளைப் பதித்தது போல இருக்கும். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற எட்டு முகம் என்றால் ஸ்பினலாக இருக்கலாம். சிவப்பில் இது மாணிக்கத்தை அப்படியே ஏமாற்றும். பிரிட்டிஷ் அரச மகுடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பதித்திருப்பது ஸ்பினல்தான்.

படி 3: உடைந்த இடத்தைப் பாருங்கள், உடைக்காதீர்கள்

சில கற்கள் குறிப்பிட்ட திசையில் மட்டும் பலகை போலப் பிளக்கும். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது. கண்ணாடிப் பாட்டில் உடைந்தது போலக் குழிவான வளையங்களோடு உடையும். ஃபெல்ஸ்பார் ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு திசைகளில் பிளக்கும். கல்லைத் திருப்பும்போது உடைந்த பரப்பு ஒரே நேரத்தில் பளிச்சென்று ஒளி அடித்தால் அது பிளவு முகம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்லத் தகுந்ததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கிணற்று மேட்டில் அருமையான சந்திரகாந்தக் கல் பாறையோடு ஒட்டியிருந்தது. சாய்த்தால் உள்ளே பால் கலந்த நீல ஒளி நகரும். சந்திரகாந்தமும் ஃபெல்ஸ்பார்தான். சூட்டில் ஒன்றாக இருந்த இரண்டு வகை ஃபெல்ஸ்பார் ஆறும்போது பிரிந்து மெல்லிய அடுக்குகளாகிவிடும், அந்த அடுக்குகளில் ஒளி சிதறுவதுதான் அந்த நிலா வெளிச்சம். அவசரப்பட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். பிளவுத் திசையிலேயே போய் நாலு பலகையாக விழுந்தது. பாறையோடு சேர்த்துப் பெரிதாக உடைத்து எடுத்து வந்து, வீட்டில் பொறுமையாகச் சுற்றிலும் கொத்தியிருக்க வேண்டும்.

படி 4: கடினம்

1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த பத்துப் படி அளவுகோலை இன்னும் பயன்படுத்துகிறோம். ஒன்றில் மாக்கல், மூன்றில் கால்சைட், ஆறில் ஃபெல்ஸ்பார், ஏழில் குவார்ட்ஸ், எட்டில் டோபாஸ், ஒன்பதில் குருந்தம், பத்தில் வைரம். பெரில் ஏழரையிலிருந்து எட்டு. ஜன்னல் கண்ணாடியும் நல்ல எஃகுக் கத்தியும் ஐந்தரையை ஒட்டி நிற்கும்.

படிகள் சமதூரம் அல்ல. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே உள்ள தூரம், ஒன்றிலிருந்து ஒன்பது வரை உள்ள தூரத்தைவிடப் பெரிது.

‘கண்ணாடியைக் கீறுகிறது, அதனால் இது வைரம்’ என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தெருவில் கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் கண்ணாடியைக் கீறும். இந்தச் சோதனை ஒரு கல்லை வெளியே தள்ளத்தான் உதவும், உள்ளே சேர்க்க உதவாது. ஆணி கீறிவிட்டால் அது மாணிக்கமில்லை, பெரிலும் இல்லை, அவ்வளவுதான். கீறியதாகத் தெரியும் கோட்டை ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அது ஆணியின் இரும்புத் தூள். பட்டை தீட்டிய கல்லில் இதைச் செய்யவே வேண்டாம். மெருகு போய்விடும், கல்லுக்குச் சொந்தக்காரர் கோபமும் நியாயமாகத்தான் இருக்கும்.

குருந்தத்தில் செய்த சாணைத்தாள் துண்டு இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. பட்டை தீட்டாத கல்லின் மூலையை அதில் அழுத்தித் தேயுங்கள். குவார்ட்ஸும் பெரிலும் தேய்ந்து தட்டையாகும். குருந்தம் லேசில் அசையாது.

படி 5: தண்ணீரில் எடை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். கல்லுக்குக் காயம் இல்லை, செலவு இல்லை, விடை எண்ணில் வரும். கல் தன் கன அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதுதான் அடர்த்தி எண்.

முதலில் கல்லை உலர வைத்து எடை போட்டு எழுதுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, கையிலோ ஒரு கம்பியிலோ தொங்கவிட்டு, முழுவதும் மூழ்கும்படி தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. ஒட்டிய காற்றுக் குமிழிகளை ஈர்க்குச்சியால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் முடிந்தது.

மாமாவின் கல் உலர்ந்த நிலையில் 12.48 கிராம். தண்ணீரில் இறக்கியதும் தராசு 4.79 காட்டியது. வகுத்தால் 2.61 வருகிறது. நீலக்கல்லாக இருந்திருந்தால் 3.12 மட்டுமே காட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் குருந்தத்தின் எண் 4.0. ஒரு டம்ளர் தண்ணீர் மாமாவின் கனவைக் கலைத்துவிட்டது.

மனதில் வைக்க வேண்டிய எண்கள் சில. சந்திரகாந்தம் 2.58, ஐயோலைட் 2.61 ஒட்டி, குவார்ட்ஸ் 2.65, பெரில் 2.7 ஒட்டி, டோபாஸும் வைரமும் 3.5 ஒட்டி, ஸ்பினல் 3.6, கோமேதகம் 3.6, வைடூரியம் 3.7, குருந்தம் 4.0, ஜிர்கான் 4.6 ஒட்டி. வைரத்துக்குப் பதிலாக விற்கும் கியூபிக் ஜிர்கோனியா 5.6க்கு மேல் போகும். கண்ணாடி 2.3 முதல் 4க்கு மேலும் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஐந்து காரட்டுக்குக் குறைவான, அதாவது ஒரு கிராமுக்கும் குறைவான கல்லில் இந்த முறை தடுமாறும். நூலின் ஈரம்கூட விடையை மாற்றிவிடும். பாறை ஒட்டிய கல்லிலும் பயனில்லை. சரியாக வருகிறதா என்று பார்க்க, முதலில் ஒரு தெளிந்த வெங்கச்சாங்கல்லை எடை போட்டுப் பழகுங்கள். மூன்று முறை போட்டும் 2.65க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் கை தயார்.

படி 6: ஒளியும் காந்தமும்

2.61 என்பது குவார்ட்ஸுக்கும் ஐயோலைட்டுக்கும் நடுவே சண்டை மூட்டும் எண். என் தராசின் துல்லியத்துக்கு இரண்டையும் பிரிக்க முடியாது. அப்போது டார்ச்சை எடுக்க வேண்டும்.

மாமாவின் கல்லை வெள்ளைத் தாளின்மேல் பிடித்து, பின்னால் டார்ச் அடித்து, மெல்லத் திருப்பினேன். ஒரு பக்கம் ஆழ்ந்த ஊதா நீலம். கால் சுற்றுத் திருப்பியதும் நிறம் வடிந்துபோய், வடித்த கஞ்சித்தண்ணீரில் துளி மஞ்சள் கலந்தது போல ஆனது. செவ்வந்திக்கல் இப்படிச் செய்யாது. அதில் மாற்றம் இருந்தாலும் மிக லேசாகத்தான் இருக்கும். திசைக்குத் திசை இவ்வளவு வெளிப்படையாக நிறம் மாறுவது ஐயோலைட்டின் கையெழுத்து. கார்னெட், ஸ்பினல், கண்ணாடி மூன்றும் எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம் காட்டும். சிவப்புக் கல் ஒன்று திருப்பத் திருப்ப இரண்டு சிவப்பு காட்டினால் மாணிக்கத்தின் பக்கம் ஒரு ஓட்டு.

சிவப்புக் கற்களைப் பிரிக்க இன்னொரு வேடிக்கையான வழி. தெர்மோகோல் துண்டு ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் கல்லை வையுங்கள். நியோடிமியம் காந்தத்தைக் கல்லுக்கு மிக அருகே, தொடாமல் கொண்டுபோங்கள். இரும்பு நிறைந்த அல்மண்டைன் கார்னெட்டாக இருந்தால் ஓடம் மெல்லக் காந்தத்தை நோக்கி நகரும். மாணிக்கம் அசையாது. பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் அன்று வேறு வேலை நடக்காது.

புறஊதா ஒளியில் பல மாணிக்கங்கள் கனல் போலச் சிவந்து ஒளிரும். குரோமியத்தின் வேலை அது. இரும்பு அதிகமான மாணிக்கம் மங்கலாகவே ஒளிரும், ஆலையில் வளர்த்த செய்கை மாணிக்கம் பல நேரம் இயற்கையைவிடப் பிரகாசமாக ஒளிரும். அதனால் ஒளிர்ந்தால் மாணிக்கமாக இருக்கலாம் என்று மட்டும் எழுதுங்கள், இயற்கை என்று எழுதாதீர்கள்.

படி 7: லென்ஸின் உள்ளே

கடையில் வாங்கிய கல்லுக்கு இதுதான் முக்கியமான படி. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

உருண்டையான காற்றுக் குமிழிகளும், சர்க்கரைப்பாகு கரையும்போது தெரியும் நெளிவுகளும் கண்ணாடியைக் காட்டிக்கொடுக்கும். பட்டையின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். இளவயதில் ஒரு கடையில் அக்குவாமரின் என்று வாங்கிய மோதிரக் கல்லில் இந்தக் குமிழிகளை எட்டு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். அதுவரை அதை வைத்துப் பலருக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதுதான் வருத்தம்.

செய்கைக் கல் என்பது கண்ணாடியிலிருந்து வேறு. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேயில் 1902இல் அறிவித்த முறையில், அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்க்கிறார்கள். வேதியியல்படி அது உண்மையான குருந்தம். அடர்த்தி 4.0 காட்டும், கடினம் ஒன்பது காட்டும். உள்ளே வளர்ச்சிக் கோடுகள் வளைந்து ஓடுவதுதான் முக்கியமாகக் காட்டிக்கொடுக்கும். இயற்கைக் குருந்தத்தில் கோடுகள் நேராகவும், கோணத்தில் மடங்கியும் போகும். ஊசி ஊசியாக, அறுபது டிகிரியில் வெட்டிக்கொள்ளும் பட்டு நூல் போன்றவை தெரிந்தால் மனசு கொஞ்சம் நிம்மதியாகலாம். திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டும் செயற்கைக் கற்களைக் கைவேலைக்காகவே பார்க்கலாம். அவற்றைச் செயற்கை என்று சொல்லி விற்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

படி 8: இப்போது நிறம், பெயர்

நிறத்தை ஏன் கடைசியில் தள்ளினேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். செவ்வந்திக்கல்லை நானூறு, ஐந்நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளாகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். இலங்கையின் ‘கெவுடா’ என்ற பால்நிறக் குருந்தத்தை ஒருகாலத்தில் மதிக்க ஆளில்லை. 1970களில் தாய்லாந்துக்காரர்கள் அதை வாங்கிப்போய்ப் பெருஞ்சூட்டில் சுட்டு, நல்ல நீலக்கல்லாக்கி விற்றார்கள். சூடு காட்டிய கல் போலி அல்ல. ஆனால் விலையில் வித்தியாசம் உண்டு, அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சூட்டைக் கண்டுபிடிப்பது வீட்டுச் சோதனைக்கு அப்பாற்பட்டது. பெரிய தொகை என்றால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

நம் பெயர்களிலும் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. வைடூரியம் என்றால் இன்று பூனைக்கண் போல ஒளிக்கோடு ஓடும் கல். பழைய காலத்தில் அதே சொல் பெரிலைக் குறித்தது, மேற்கே போய் ‘பெரில்’ ஆனதும் அதே சொற்குடும்பம்தான். புஷ்பராகம் என்றால் ஒருவர் டோபாஸைச் சொல்வார். கடைக்காரர் கனகபுஷ்பராகம் என்று மஞ்சள் நிறக் குருந்தத்தை எடுத்துக் கொடுப்பார். இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். கெம்பு என்ற சொல்லோ நகைக்கடையில் மாணிக்கம், ஸ்பினல், செய்கைக் கல், சிவப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் மூடிவிடும். ரசீதில் வட்டாரப் பெயரோடு கனிமப் பெயரையும், இயற்கையா செய்கையா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

மாமாவிடம் ஐயோலைட் என்று சொன்னபோது, “பேரே கேள்விப்பட்டதில்லீங்களே, வெல போகுங்களா?” என்றார். நிறைய விரிசல் இருந்ததால் பட்டை தீட்டினால் கால்வாசிகூட மிஞ்சாது என்றேன். கல்லை மறுபடி வேட்டியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து பேரன் வந்தான். தினத்தாளில் பொட்டலம் கட்டிய ஒரு கல். பொட்டலத்தின்மேல் மாமாவின் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: கெழக்குக் கெணறு, மேட்டுக்குத் தென்புறம், வெங்கச்சாங்கல்லும் காக்காப்பொன்னும் கூடக் கெடந்துச்சு. பிரிக்கும் முன்பே தராசை எடுத்து வைத்தேன்.